பிடிமண் ஏறிய லாரி

அத்தியாயம் 17

மகன் பாபநாசம் எழுதிய கடிதத்தைச் சுடலைவடிவு தன் புருஷன் நாறும்பூநாதனுக்குப் பாதிதான் படித்துக் காட்டினாள். மீதிப் பாதியை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "இம்புட்டுத்தான் எழுதியிருக்கான்" என்று சாதித்துவிட்டாள். மூன்று வாரமாக அது அவளுக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

இடையில் ஓரிரு வாரம் விட்டுப்போனவர்களுக்காக ஒரு வார்த்தை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், பாபநாசம் அப்பாவின் லாரியைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போனான். அன்றைக்குத்தான் பெரியப்பா சிவசண்முகத்தின் கார்ப் பருவ நெல் களத்திலிருந்து மில்லுக்குப் போக வேண்டும். லாரி வரவில்லை, மழை வந்தது. அம்பாரமாகக் கிடந்த நெல் முளைத்துவிட்டது. மூன்றாம் நாள் பையன் திரும்பி வந்தபோது, அம்பாசமுத்திரத்தில் மில் வாசலில் நாற்பது பேர் பார்க்க, சிவசண்முகம் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவனை அடித்தார்.

பையன் அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். பம்பாயில் தாராவியில் இருக்கிறான் என்று இரண்டு வருஷம் கழித்து யாரோ சொல்லித்தான் பெற்றவர்களுக்குத் தெரியும்.

அதோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடந்த முற்றத்தின் நடுவே ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்பியது. சிவசண்முகத்தின் மனைவி போன வருஷம் தவறிப்போனார். அதற்கும்கூடத் தம்பி தெருவைச் சுற்றிப் போய், முன்வாசலில் நின்று மாலையைப் போட்டுவிட்டு வந்தார்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு பையனிடமிருந்து வந்த முதல் கடிதம் அது. சுடலைவடிவு உரக்கப் படித்த பாதி இதுதான்: 'நம்ம ஊர் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து இங்கே கரையடி மாடனுக்குச் சின்னதாக ஒரு கோயில் கட்டியிருக்கிறோம். கொடை முடிந்ததும் பிடிமண் எடுத்து அப்பா லாரியிலேயே அனுப்பி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் பிரதிஷ்டை. நான்தான் கை நீட்டி வாங்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.'

படிக்காத பாதி இது: 'பெரியப்பா இதில் கை வைக்கக் கூடாது. அவர் கைபட்ட மண் வந்தால் நான் இந்த ஊரிலும் இருக்க மாட்டேன். எங்கே போகிறேன் என்று இந்தத் தடவை யாருக்கும் தெரியாது.'

பிடிமண் என்றால் நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பிழைக்கப் போன இடத்தில் குலசாமிக்குக் கோயில் எழுப்புகிறவர்கள், ஊரில் இருக்கிற பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் அங்கே வைக்க வேண்டும். அந்த மண்ணோடு சாமியும் கூடப் போகும். கரையடி மாடன் வகையறாவில் அதற்குக் கட்டுப்பாடு அதிகம். எடுத்த மண்ணைப் போய்ச் சேருகிற வரைக்கும் கீழே இறக்கக் கூடாது. இறக்கினால் இறக்கின இடத்தில் மாடன் உட்கார்ந்துவிடுவார். பின்னுக்கு ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் வர மனசில்லை என்று அர்த்தம். ஒரு கொடைக்கு, அதாவது ஒரு வருஷத் திருவிழாவுக்கு, ஒரு பிடிதான். தவறினால் அடுத்த வருஷம்தான்.

சுடலைவடிவுக்கு இதில் இன்னொரு மனக்குறையும் உண்டு. ஆறு வருஷமும் கொடையன்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள். குலசாமிக்காகவாவது ஒரு வருஷம் வந்து நிற்பான் என்று ஒரு நம்பிக்கை. மாடனே தாராவிக்குக் குடிபோய்விட்டால் அவன் இங்கே எதற்கு வருவான்? இருந்தாலும் பிள்ளை வாய்திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். அனுப்பாமல் இருக்க முடியுமா?

செவ்வாய்க்கிழமை கொடை முடிந்தது. புதன்கிழமை கிளம்ப வேண்டும். அன்று பொழுது சாய்வதற்குள் கயத்தாறு தாண்டினால்தான் சனிக்கிழமை இரவாவது பம்பாய்.

புதன்கிழமை விடிந்ததிலிருந்தே லாரி மல்லுக்கு நின்றது.

லாரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டு வருஷமாக அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே நெல்லும் வாழைத்தாரும் சுமந்த வண்டி அது. மிஞ்சிப்போனால் ராதாபுரம் போய்க் கருப்பட்டி ஏற்றி வந்திருக்கும். அதனிடம் போய் பம்பாய்க்குக் கிளம்பு என்றால் அதுவும் யோசிக்கத்தானே செய்யும்.

தார்ப்பாயை விரித்தால் நடுவில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. நாறும்பூநாதன் கோணூசியும் சணலுமாக உட்கார்ந்து சாக்கை வைத்து ஒட்டுப் போட்டார். ஸ்டெப்னி டயரைக் காணோம் என்று தேடினால், கொடைப் பந்தலில் மைக்செட் கம்பத்துக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தார்கள். உருட்டிக்கொண்டு வந்து பார்த்தால் அதில் காற்று இல்லை. நாறும்பூநாதன் பந்தல்காரனின் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்.

சாமான் எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் மெக்கானிக் சுவிசேஷமுத்து வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தார். பம்பாய் வழிக்கு மாற்று டிரைவரும் அவரே.

"அண்ணாச்சி, பின் ஸ்பிரிங்குப் பட்டையில ரெண்டு ஒடிஞ்சு கெடக்கு. இதோட போனா கங்கைகொண்டான் தாண்ட மாட்டோம்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"இத ஏத்துததுக்கு முன்னால பாத்துச் சொல்லக் கூடாதாவே?"

"ஏத்துனாத்தான அண்ணாச்சி தெரியும். வெறும் வண்டியில எல்லாப் பட்டையும் நல்ல பட்டைதான்."

ஆகவே ஏற்றியதையெல்லாம் இறக்கினார்கள். மாடனுக்குச் சுடுமண் குதிரை ஒன்று, வெண்கல மணி இரண்டு, அரிவாள் ஒன்பது. அது போகத் தாராவியில் ஆள் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம். மோர்மிளகாய், கருப்பட்டி, பத்தமடைப் பாய், பிள்ளை பெற்றவளுக்கு மருந்துப்பொடி. ஒரு வீட்டில் தையல் மிஷினையே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பட்டை மாற்றி மறுபடி ஏற்றும்போது நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி ஒன்று கைதவறி உடைந்து, குதிரையின் முதுகெல்லாம் எண்ணெய் வழிந்தது.

"குதிரைக்குச் சேணம் போட்டாச்சு" என்றார் சுவிசேஷமுத்து. யாரும் சிரிக்கவில்லை.

மணி பதினொன்றேமுக்காலுக்குச் சாமியாடி மாசானம் வந்து சேர்ந்தார். ஆற்றங்கரைக் கோயிலிலிருந்து நாலு கிலோமீட்டர், இடுப்பில் சிவப்புத் துண்டும் இரண்டு கையாலும் ஏந்திய பித்தளைச் செம்புமாக, திரும்பிப் பாராமல் நடந்தே வந்திருந்தார். செம்புக்குள் பிடிமண். முந்தின நாள் கொடையில் ஆடின உடம்பு.

லாரியை வாசலுக்கு வெளியே ரோட்டில் நிறுத்தி, அங்கே வைத்து அவரை ஏற்றுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் பின்சக்கரத்தில் இன்னும் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார் சுவிசேஷமுத்து.

"எத்தா வடிவு, பன்னெண்டு மணிக்கு ராகுகாலம் பொறக்குது. எனக்குக் கை விட்டுப் போகுது. எங்கன வச்சுக்கிட்டு நிக்கட்டும்?" என்றார் மாசானம்.

சுடலைவடிவுக்குப் பாவமாக இருந்தது. "வண்டிதான் நிக்குதுல்லா, ஏறி உக்காருங்க அண்ணாச்சி" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

மாசானம் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் ஏறி, செம்பை மடியில் வைத்துக்கொண்டார். கூடி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒன்றரைக்கு ராகுகாலம் கழிந்தது. நாறும்பூநாதன் குளித்து, திருநீறு பூசி, டிரைவர் ஸீட்டில் ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தார். அன்று அதிசயமாக ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டே கியரைப் போட்டார்.

"ஏலே, நில்லு! எங்க போற?" என்று அலறினார் மாசானம்.

"வெளியதான் அண்ணாச்சி. பின்னால எடுத்தாத்தான வெளிய போக முடியும்?"

"பின்னாலயா?"

நாறும்பூநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. எஞ்சினை அணைத்தார்.

சுவர் எழும்புவதற்கு முன்னால் லாரி இந்தப் பக்கம் ஆற்றுச் சாலையிலிருந்து நுழைந்து, முற்றத்தைக் கடந்து, அண்ணன் வீட்டு வாசல் வழியாக மில் சாலையில் வெளியேறும். சுவர் வந்த பிறகு மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். கிளம்பும்போது பின்னாலேயே நகர்ந்து ரோட்டுக்கு வரும். ஆறு வருஷமாக நாள் தவறாமல் நடக்கிற காரியம் என்பதால் ஒருத்தருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. இப்போது மாடன் ஏறிவிட்டார். மாடன் பின்னுக்குப் போக மாட்டார்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

"கியரு போட்டாத்தான பின்னால போகுததாக் கணக்கு? எஞ்சின அணைச்சிட்டு நாம தள்ளுவோம். அவரு போகல, நாமதான தள்ளுதோம்" என்றார் சுவிசேஷமுத்து.

"நீரு பேசாம இரும்வே. ஒம்ம சாமியா இது?" என்றார் மாசானம்.

"செம்ப ஒரு துணியப் போட்டு மூடிட்டா? எந்தப் பக்கம் போகுதோம்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் நாறும்பூநாதன், சத்தியமாகவே யோசித்து.

"ஊர் எல்லையக் காக்குத சாமிக்குத் துணியப் போட்டுக் கண்ண மறைக்கப் போறியா? நல்லா வருவ."

முன்கண்ணாடியைக் கழற்றி, மாசானத்தைச் செம்போடு முன்பக்கமாகவே வெளியே எடுத்து, லாரி ரோட்டுக்குப் போன பிறகு ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார். கேட்கிறதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியைவிட்டு வெளியே எடுத்தால் இறக்கினதாகத்தான் ஆகும் என்று மாசானம் சொல்லிவிட்டார். இறக்கினால் மாடன் இந்த முற்றத்திலேயே குடியிருப்பார். அதற்கப்புறம் முற்றம் கோயில்தான். லாரியை வேறு எங்காவது நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியில் எல்லார் கண்ணும் சுவருக்குப் போனது.

"அதத் தவிர வேற சொல்லுங்க" என்றார் நாறும்பூநாதன்.

சுடலைவடிவு அடுப்படிக்குள் போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

லாரி சுவரைப் பார்த்து நின்றது தன் கண்ணில் படவே இல்லையா? நன்றாகத்தான் பட்டது. கதவைத் திறந்துவிடும்போது சுவரில் இடித்து விடாமல் ஒதுங்கித்தான் நின்றாள். அப்படியானால் தெரிந்துதான் ஏறச் சொன்னாளா? அவளுக்கே விளங்கவில்லை. மாடன் போகாமல் இங்கேயே நிற்கட்டும் என்று மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டிருந்தால், அதை அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

இப்போதுகூட ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'இறக்கிருங்க' என்றால் மாடன் இந்த முற்றத்தில் இருந்துகொள்வார். கும்பிட வேண்டும் என்றால் பாபநாசம் இந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும். அந்த நினைப்பு அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் அங்கே அவன் குளித்து, ஈர வேட்டியோடு ஊர்க்காரர்கள் நடுவில் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். லாரி வராது. நாற்பது பேர் பார்க்க இன்னொரு தடவை தலைகுனிந்து நிற்பான்.

சுடலைவடிவு செம்பைக் கவிழ்த்து வைத்தாள். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு புறவாசல் வழியாக இறங்கி, தெருவைச் சுற்றி, மில் சாலைக்குப் போனாள்.

சிவசண்முகம் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார். ஒற்றை ஆள், ஒற்றை மாடு. மனைவி போன பிறகு முகச்சவரம் வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆகிவிட்டது. அவளைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"அத்தான்."

"கேட்டேன். மாசானம் போட்ட சத்தம் கல்லிடைக்குறிச்சி வரைக்கும் கேட்டிருக்கும்."

"லாரி முன்னாலதான் போகணுமாம்."

"போகட்டும்."

"சுவரு நிக்கே."

"பாதிச் செங்கல் ஒம் புருஷன் எறக்குனதுதான. அவன் வந்து கேக்க மாட்டானாக்கும்?"

"அவரு வரமாட்டாரு. கோவிச்சுக்கிடாதீங்க அத்தான், அவருக்கு வாய் வராது. நான் கேக்குதேன். விடுங்க."

சிவசண்முகம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு, அவளைப் பார்க்காமலேயே, "பய கடுதாசி போட்டானாமே. என்னப் பத்தி எதாச்சும் விசாரிச்சிருந்தானா?" என்று கேட்டார்.

விசாரித்திருந்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுவர் விழுந்துவிடும். அது சுடலைவடிவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மனிதர் அதற்காகத்தான் காத்து நிற்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

ரவிக்கைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சிவசண்முகம் உள்ளே போய்க் கண்ணாடி எடுத்து வந்தார். நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"இத ஒம் புருஷனுக்குக் காட்டுனியா?"

"இல்ல."

"எங்கிட்ட எதுக்குக் காட்டுத? நல்லா விசாரிச்சிருந்தான்னு ஒரு பொய்யச் சொல்லியிருக்கலாம்லா?"

"பொய் சொல்லி இடிச்ச சுவத்து வழியா எம் புள்ளைக்குச் சாமிய அனுப்பச் சொல்லுதீங்களா அத்தான்?"

அவர் காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். தொழுவத்துக்குள் போனார். கடப்பாரையோடு வந்தார்.

லாரிக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த நாறும்பூநாதன், சுவருக்கு அந்தப் பக்கம் முதல் இடி விழுந்ததும் எழுந்து நின்றார். காரை உதிர்ந்தது. இரண்டாம் இடியில் ஒரு செங்கல் உள்ளே தள்ளி விழுந்தது. அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டியிலிருந்து இரும்பு ராடு ஒன்றை உருவிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் குத்த ஆரம்பித்தார்.

ஆறு வருஷம் கழித்து அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு, அந்த ஓட்டை வழியாக வந்தது.

"ஏலே, அங்கன இடிச்சா லாரி நேரா என் தொழுவுக்குள்ளல்லா போகும்? மூளை இருக்கா ஒனக்கு?"

"எனக்கு மூளை இருந்தா உங்ககூட வந்து பொறந்திருப்பேனா?"

கேட்டுக்கொண்டிருந்த சுவிசேஷமுத்து, "சரி, பேச்சு வார்த்தை நல்லபடியா ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தேடிப் போனார்.

தெருவில் கடப்பாரை வைத்திருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். சுவர் மண்சாந்தில் கட்டினது. அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. ஆனாலும் லாரி நுழைகிற அகலத்துக்கு எடுத்து, செங்கலை வாரி ஓரமாகக் குவித்து, அஸ்திவாரக் கல் அடியில் தட்டாமல் இருக்கச் சக்கரம் போகிற இடத்தில் மண்ணைப் போட்டு மிதித்து முடிக்க மணி நாலேகாலாகிவிட்டது. இத்தனை நேரமும் மாசானம் ஸீட்டை விட்டு அசையாமல், மடியில் செம்போடு, வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் சிவசண்முகத்தைக் காணோம். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நாறும்பூநாதன் மறுபடியும் எஞ்சினைக் கிளப்பினார். லாரி முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. முன்சக்கரம் அஸ்திவாரத்தின் மேல் ஏறி இறங்கியது. பின்சக்கரமும் ஏறி இறங்கியது. மாற்றிப் போட்ட பட்டை கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. பெண்கள் இன்னொரு தடவை குலவையிட்டார்கள். சுடலைவடிவு லாரிக்குப் பின்னாலேயே செங்கல் குவியலைத் தாண்டி நடந்து வந்தாள்.

லாரி அண்ணன் வீட்டு வாசலை நெருங்கும்போது சிவசண்முகம் குறுக்கே வந்து கையைக் காட்டினார். வெள்ளைச் சட்டை, வெளுத்த வேட்டி, தோளில் ஒரு மஞ்சப்பை. சவரம் செய்திருந்தார். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு ரத்தம் உறைந்திருந்தது.

வண்டி நின்றதும் இடப்பக்கக் கதவைத் திறந்து, படியில் காலை வைத்து ஏறினார்.

"மாசானம், அந்தச் செம்ப இங்கன குடும். நான் கொண்டு போறேன்."

மாசானம் நாலரை மணி நேரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த மனிதர். அவருக்கு இருந்த அவசரத்துக்கு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். கேட்டவர் வகையறாவுக்கே மூத்தவர் வேறு. செம்பு வண்டியை விட்டு இறங்கவில்லை, கைதான் மாறியது. கட்டுப்பாட்டில் அதற்குத் தடையில்லை. கொடுத்தார். இறங்கி வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடினார்.

சுடலைவடிவு முன்பக்கம் வந்து பார்க்கும்போது செம்பு சிவசண்முகத்தின் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அவள் படியருகே ஓடினாள். கதவைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், படிச்சீங்கள்லா? படிச்சிட்டுமா?" என்றாள்.

"படிச்சதுனாலதான் போறேன்."

"ஒங்க கைபட்டா இருக்க மாட்டேன்னு எழுதியிருக்கானே."

"செருப்பால அடிச்ச கை வடிவு இது. இத இங்கன வச்சுக்கிட்டு மாடன மட்டும் அனுப்பி வச்சு என்ன பிரயோசனம்? அங்க நாப்பது பேரு இருப்பாங்கள்லா. அவங்க பாக்க அவன் என்னய அடிக்கட்டும். அடிச்சதுக்கப்புறம் மண்ண வாங்கிக்கிடட்டும்."

"அடிக்காமப் போயிட்டான்னா?"

சிவசண்முகம் தோளில் கிடந்த மஞ்சப்பையைக் கழற்றிக் காலடியில் வைத்தார்.

டிரைவர் ஸீட்டில் நாறும்பூநாதனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "எந்தக் கடுதாசி? என்ன எழுதியிருக்கான்? ஏளா, என்னத்த மறைச்ச?"

சொல்லித்தான் ஆக வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்கு மேலே, படிக்காமல் விட்ட பாதியைச் சுடலைவடிவு மனப்பாடமாகவே சொன்னாள். மூன்று வாரத்தில் அது அவளுக்கு அட்சரம் பிசகாமல் பாடமாகியிருந்தது.

நாறும்பூநாதன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, முன்கண்ணாடி வழியாக வாசலையே வெறித்தார். அவருக்கு அவள் மேல் கோபம். அண்ணன் மேல் கோபம். மகன் மேலும் கோபம்தான். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நீயே சொல்லு. அண்ணன எறங்கச் சொல்லட்டா? மாசானத்தையே ஏத்திக்கிடலாம். யாரு கைபட்டதுன்னு அவன்கிட்ட யாரும் சொல்லப் போறதில்ல" என்றார் கடைசியில்.

"வடிவு சொன்னா எறங்கிருதேன்" என்றார் சிவசண்முகமும். சொல்லிவிட்டுச் செம்பை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

தெரு முழுவதும் அவள் முகத்தைப் பார்த்தது. நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சுவிசேஷமுத்துகூட அவள் பக்கம் திரும்பினார்.

சுடலைவடிவுக்குப் பயமாக இருந்தது. இந்தத் தடவை பிள்ளை போய்விட்டால் தாராவி என்ற பெயர்கூட மிஞ்சாது. எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியாமல் சாகிற வரைக்கும் இருக்க வேண்டும். மறைத்து அனுப்பலாம்தான். அவள்தான் கடிதத்தில் பாதியை மறைத்துப் பார்த்தாளே. மூன்று வாரம் ஒரு வாய்ச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

மடியில் செம்பைப் பிடித்திருந்த அத்தானின் விரல்களில், எத்தனை கழுவியும் போகாமல், செங்கல் பொடி சிவப்பாக ஒட்டியிருந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.

"போங்க" என்றாள்.

"வடிவு..."

"நேரமாகுது, போங்க. எதையும் மறைக்காண்டாம். அவன் கேட்டா, பெரியப்பாவ ஏத்தி விட்டது ஒங்க அம்மதான்னு சொல்லுங்க. கோவப்படுததா இருந்தா எங்கிட்ட நேரா வந்து கோவப்படச் சொல்லுங்க."

நாறும்பூநாதன் கியரைப் போட்டார். லாரி மில் சாலையில் ஏறியது.